மோதலே படாத கார்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓடெட் திபடோ, ஒரு மாலை தன் சொந்தக் காரில் வீடு திரும்பும்போது மூஸ் மான் மேல் மோதினாள். அரை டன் மிருகம் கண்ணாடியை நொறுக்கி, கூரையை நசுக்கி, அவள் மடியில் வந்து விழாத குறை. மான் செத்தது. அவள் மூக்கு உடைந்தது. மோதினால் விரிய வேண்டிய ஏர்பேக் மட்டும் அசையவில்லை.

கட்டுப்போட்ட மூக்கோடு கார் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி புரூயிட்டிடம் போனாள்.

"மோதினா தெரியிற கருவி முன்னாடி கீழ இருக்கும்மா. மானுக்குக் காலெல்லாம் குச்சி. உடம்பு நேரா கண்ணாடிக்கு வந்துடுச்சு. காரைப் பொறுத்தவரை மோதலே நடக்கலை."

"அப்ப என் மூக்கு?"

"மூக்குல நாங்க கருவி வைக்கிறதில்லையே."

"மான் செத்துப் போச்சுய்யா!"

"ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனா எப்படி மோதணும்னு விளக்கப் புத்தகத்துல தெளிவா போட்டிருக்கோம்."

"மான் அதைப் படிச்சிருக்கணுமாக்கும்?"

"நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்லை."

மோதல் நிகழவில்லை என்று முத்திரையிட்டு ஒரு சான்றிதழும் கொடுத்தார்.

மறுநாள் வனக்காவலர் ஹாஸ்கெல் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஓடெட், தப்பா நினைக்காத. மோதலே இல்லைன்னு கம்பெனி சொல்லுது. அப்ப மானை நீ வேட்டையாடியிருக்க. லைசென்ஸ் இருக்கா?"

"பின்சீட்டுல மளிகைப் பையோட எவளாவது வேட்டைக்குப் போவாளா?"

"அதை நான் கேக்க முடியாது. மூஸ் வேட்டைக்கு லைசென்ஸே குலுக்கல்லதான் தர்றாங்க. அதுல எங்க அண்ணன் பேரே வருஷக்கணக்கா வரலை. உன்னை மட்டும் சும்மா விட்டா ஊர் என்ன பேசும்?" அபராதம் எழுதிவிட்டு, கொம்பை விற்பதாக இருந்தால் தனக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

ஓடெட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூக்கு வலித்ததால் நிறுத்திக்கொண்டாள். அப்போதுதான் யோசனை வந்தது. நசுங்கிய காரை இழுவை வண்டியில் ஏற்றி, கம்பெனி விற்பனைக்கூடத்தில் கொண்டு இறக்கினாள்.

"பழசைக் குடுத்துப் புதுசு எடுக்கலாம்னு வந்தேன். மோதலே படாத கார். இதோ உங்க சான்றிதழ்."

புரூயிட் கூரையைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். கையெழுத்துதான் வென்றது. பழுதில்லாத காருக்குரிய முழு விலையும் கழித்துக்கொண்டு, அதே ரகத்தில் புதிய காரைத் தந்தார்கள். அந்த ரகத்துக்குத்தான் அந்த ஆண்டின் பாதுகாப்பு விருது. மோதல்கள் மிகக் குறைவாகப் பதிவாகியிருந்தனவாம்.

பனிக்காலம் வந்தது. பெட்ரோல் நிலையத்தில் ஹாஸ்கெல் ஒரு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூரையைத் தட்டி நிமிர்த்திப் பளபளவென்று வண்ணம் பூசியிருந்தார்கள்.

"பழைய வண்டிதான் ஓடெட், ஆனா ஒரு மோதல்கூட படலையாம். சான்றிதழோட குடுத்தாங்க. ஏர்பேக்கைப் பாரேன், இன்னும் பிரிக்கவே இல்லை!"

இருக்கை இடுக்கிலிருந்த நீண்ட, முரட்டுப் பழுப்பு முடிகளை அவர் விரலால் எடுத்து ஊதிவிட்டார்.

"நல்ல வண்டி," என்றாள் ஓடெட். பிறகு அதே ரகத்துத் தன் புதுக் காரில் ஏறி, காடு ஆரம்பிப்பதற்குள் இருக்கைப்பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.