மேல்வரிசைப் பல்லும் வாசலுக்கு வந்த பெட்டியும்

லம்பாங்,
ஏப்ரல் 4.

மதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய மூத்த சகோதரி கம்பா அவர்களின் பாதங்களில் தம்பி இன்தா பணிந்து எழுதிக்கொள்வது.

மும்மணிகளின் அருளால் இங்கே நானும் என் மனைவி தோங்திப்பும் சுகம். தாங்கள் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் மருந்தடிக்கும் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, சொந்தக்காரர்கள் பதினேழு பேரை லோங்கான் பழத் தோப்பின் கடைசி வரிசை வரைக்கும் துரத்தியதை நான் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தபடியால், எழுபத்தெட்டு வயதிலும் தங்கள் உடம்பு நன்றாக இருக்கிறது என்பதைக் கேட்காமலே தெரிந்துகொண்டேன். மருந்து பட்ட இடம் எனக்கு இன்னும் அரிக்கிறது. 'தாங்கள்' என்று மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை அக்கா, நீ என்றே எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. கேட்டைப் பூட்டி, 'இன்னும் சாகவில்லை, பிறகு வரவும்' என்று அட்டை வேறு மாட்டியிருக்கிறாய் என்று கேள்வி. சோங்க்ரானுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. புத்தாண்டன்று மூத்தவர் கையில் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்க எனக்கு மிச்சமிருக்கிற மூத்தவள் நீ ஒருத்திதான். அந்தக் கேட்டை நீ திறக்க வேண்டும் என்பதற்காகத்தான், நடந்ததை முன்பின் மாறாமல் எழுதுகிறேன். படித்து முடித்தால் இதில் என் தப்பு ஒன்றும் இல்லை என்பது உனக்கே விளங்கும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எனக்கு ஒரு கனவு. மேல்வரிசைப் பல் ஒன்று கழன்று உள்ளங்கையில் விழுகிறது. கீழ்ப்பல் விழுந்தால் சின்னவர்களுக்கு, மேல்பல் விழுந்தால் பெரியவர்களுக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியாததா. நான் பதறவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ரயில் நிலையத்தில் மணி அடித்தவன், எதற்கும் முறை ஒன்று உண்டு என்று அறிந்தவன். கெட்ட கனவை மனுஷர் காதில் போடுவதற்கு முன்னால் கழிப்பறையில் போய்ச் சொல்லித் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், அது தண்ணீரோடு போய்விடும். நானும் யாரிடமும் வாய் திறக்காமல் நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து, பல் எந்தப் பக்கம் விழுந்தது என்பது வரைக்கும் விவரமாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் ஊற்றலாம் என்று தொட்டியில் கை விட்டால் தொட்டி காலி. அன்றைக்குப் பார்த்து ஊர் முழுக்கக் குழாயில் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். சொன்ன கனவு சொன்ன இடத்திலேயே கிடக்கிறது, நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறேன், வாசலில் தோங்திப் நிற்கிறாள்.

"உள்ள யாரோட பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"யாரோடயும் இல்ல. வழி விடு, தண்ணி எடுக்கணும்."

"மேல்பல்லுன்னு காதுல விழுந்துச்சே. யாரு பல்லு?"

நான் வாளியோடு ஓடினேன். அவள் என் கூடவே ஓடி வந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் ஜாடிக்குப் போய்ச் சேருவதற்குள் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டாள். நீயே சொல், இது என் தப்பா, குழாயில் தண்ணீர் விடாதவன் தப்பா? தண்ணீரிடம் போக வேண்டிய கனவு தோங்திப்பிடம் போய்ச் சேர்ந்தது. தண்ணீராவது கீழே போகும், இவளிடம் போனது கைபேசியில் நம் குடும்பக் குழுவுக்குப் போனது. அடுப்பில் ஒட்டரிசி வேகுவதற்குள் மூன்று மாகாணங்களில் உனக்காக அழுதுவிட்டார்கள். நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை அவள் படம் எடுத்து அதையும் அனுப்பியிருந்தாள். 'அக்காமேல எவ்வளவு பாசம் பாருங்க' என்று கீழே எழுதியிருந்தது.

நம் தம்பி மகன் நோப்படோன் அரை மணி நேரத்தில் வண்டியோடு வந்து இறங்கினான். அப்பன் சாவுக்கு மூன்று மணி நேரம் தாமதமாக வந்த பிள்ளை அவன். "பெரியத்தைக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது பெரியப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே, அடுத்த மூச்சில், "தோப்புப் பத்திரம் அத்தை பேர்லதான இருக்கு?" என்றான். அவனும் தோங்திப்பும் சேர்ந்து என்னை விகாரைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பெரிய பிக்கு கோழிகளுக்கு அரிசி போட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கனவு வர்றதுக்கு நாலே நாலு காரணம். ஒண்ணு, வயித்துக்குள்ள போனது ஒத்துக்காம கெடக்கறது. ரெண்டு, பகல்ல நெனச்சதையே மனசு ராத்திரி அசைபோடறது. மூணு, தேவதை வந்து சேதி சொல்றது. நாலு, செஞ்ச வினை முன்னாடியே வந்து தலைகாட்டறது. எங்கிட்ட கனவோட வர்றவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேருக்கு மொத காரணந்தான். நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"அரிசிக் கஞ்சி, சாமி."

"அப்புறம்?"

"உப்பு."

"டாக்டர் சொன்னபடிதான் குடுக்கறேன், சாமி. அதுக்கு மேல ஒரு பருக்க உள்ள போகாது" என்றாள் தோங்திப்.

"அப்ப வயிறு இல்ல. அக்காவ நெனச்சிக்கிட்டே படுத்தியோ?"

நோப்படோன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாங்க பேசி நாலு வருஷம் ஆச்சு சாமி. எனக்கு அவ ஞாபகமே கிடையாது" என்றேன்.

பிக்கு என் கன்னத்தையும் அதன்மேல் இருந்த கையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "வயிறும் இல்ல, மனசும் இல்லன்னா மிச்சம் இருக்கறது தேவதையும் வினையும். அதுக்கு நான் என்ன பண்றது? ஏதாவது புண்ணியம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கோழிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். தேவதை என்ற சொல் காதில் விழுந்ததும் நோப்படோன் கும்பிட்ட கையை வண்டியில் ஏறும்வரை இறக்கவில்லை.

புண்ணியம் என்றதும் அவன்தான் சவப்பெட்டி யோசனையைச் சொன்னான். அதைக் குற்றம் சொல்ல முடியாது, நாம் எல்லாரும் செய்வதுதான். ஆளில்லாமல் செத்தவனுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்து, யார் ஆயுளுக்காகவோ அவர் பேரைத் தாளில் எழுதி ஒட்டினால் அவருக்குக் கண்டம் கழியும். இப்படிப் பெட்டி தானம் வாங்குகிற தர்ம ஸ்தாபனத்துக்கு நேரில் போனால் வெயில் என்று அவன் பெட்டி செய்கிற கடைக்கே போன் போட்டான். பேர் என்ன என்றார்களாம், கம்பா என்றானாம். எந்த ஊர் என்றார்களாம், லம்பூன் என்று உன் வீட்டு எண் வரைக்கும் சொன்னானாம். கடைக்காரனைக் குறை சொல்லி என்ன, பேரும் விலாசமும் கொடுத்தால் எவனும் அங்கேதான் கொண்டுபோய் இறக்குவான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கே தெரியும். பதினேழு பேரும் மூன்று வண்டியில் வந்து இறங்கினோம். நாலு வருஷமாக உன் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் உன் காலைப் பிடித்துவிட்டார்கள். ஒருத்தி உன் வளையலைத் தடவிப் பார்த்து, "கழட்டி வெச்சிட்டா கைக்கு லேசா இருக்கும் அத்த" என்றாள். "என்னடா திடீர்னு இத்தனை பேரு, எனக்கு என்ன சீக்கு?" என்று நீ கேட்டாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் கன்னத்தில் கை வைத்தேன், எல்லாரும் அழுதார்கள். நோப்படோன் மட்டும் காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிணற்றிலிருந்து வேலி வரைக்கும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அந்த நேரம் பார்த்தா அந்தப் பெட்டி வண்டி வர வேண்டும். வண்டிக்காரன் பெட்டியை வாசலில் இறக்கிவைத்து, உன் பேர் எழுதி ஒட்டின தாளைப் படித்துவிட்டு, "அம்மா, கம்பாங்கறவங்களோட உடம்பு எங்க இருக்கு?" என்று உன்னிடமே கேட்டானே, அப்போதே நான் பாதி ஓடிவிட்டேன். நீ எழுந்து வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாய்.

"இது எனக்குக் குட்டை. ஏன்டா நோப்படோன், தோப்ப அளந்த டேப்பாலயே என்னையும் அளந்துட்டியா?"

அதற்குப் பிறகு பம்பு.

ஆகவே அக்கா, இதில் என் குற்றம் என்று எதையும் காட்ட முடியாது. கனவு தேவதை சொன்னது. தண்ணீர் நின்றது ஊர் செயல். பெட்டி நோப்படோன் செயல். கனவுக்கு அர்த்தம் என்ன என்று கேட்டால், கண்டவனைவிடக் கேட்டவனுக்குத்தான் அது நன்றாகத் தெரிகிறது. எனக்குப் பல் தெரிந்தது, அவனுக்குப் பத்திரம் தெரிந்தது. பெட்டியை எடுத்துப்போய் ஸ்தாபனத்தில் சேர்க்க இந்த வாரமே வண்டி அனுப்புகிறேன். நீ கேட்டை மட்டும் திற. உனக்கு நோயும் வலியும் நெருங்காதிருக்கட்டும், லோங்கான் பிஞ்செல்லாம் உதிராமல் நிற்கட்டும், நீ நூறு வருஷம் இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டி வணங்கும்,

உன் தம்பி
இன்தா

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன்னால் தோங்திப் சந்தைக்குப் போய்விட்டாள், அதனால் இதையும் எழுதுகிறேன். நான் பிக்குவிடம் சொன்னது பொய். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு பை வறுத்த பன்றித் தோல் முழுக்கத் தின்றேன். கடைசித் துண்டில் மேல்வரிசைப் பல் ஒன்று நிஜமாகவே உடைந்துபோனது. அது ராத்திரி முழுக்க வலித்தது, கனவில் விழுந்தது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வலித்தது. கன்னத்தில் கை வைத்தது அதற்காகத்தான், உனக்காக இல்லை. பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது வயிறுதான் காரணம் என்று எப்படிச் சொல்லுவேன்? எனவே தேவதை யாரும் வரவில்லை, நீ சாகப்போவதும் இல்லை. இதை இன்று சாயங்காலம் குடும்பக் குழுவில் போட்டுவிடப் போகிறேன், பல்லின் கதையை மட்டும் விட்டுவிட்டு. போட்டுவிட்டால் அந்தப் பதினேழு பேரில் என்னைத் தவிர ஒருவரும் சோங்க்ரானுக்கு உன் வாசலுக்கு வரமாட்டார்கள்.

இரண்டாவது காரணத்துக்குச் சொன்னதும் பொய்தான். அத்தான் காரியத்தின்போது பாதித் தோப்பை விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்றேன். "ரயிலுக்கு மணி அடிச்சது பத்தாதுன்னு எந்தோப்புக்கும் அடிக்க வந்துட்டியா?" என்றாய். அன்றிலிருந்து உன்னை நினைக்காமல் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. காரணம் இல்லாமல் வந்தால் நீ துரத்துவாய் என்று பயந்தேன். பல் உடைந்ததும் ஒரு காரணம் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். காரணத்தோடு வந்தும் துரத்தினாய், ஆகவே இந்தத் தடவை காரணம் இல்லாமலே தண்ணீர்க் கிண்ணத்தோடு வருகிறேன்.

பெட்டி எடுக்க வண்டி அனுப்பவில்லை. நீயே வைத்துக்கொள். தோங்திப்புக்குப் பன்றித் தோல் விஷயம் தெரிந்தால் அது எனக்கு வேண்டியிருக்கும். நான் உன்னைவிடக் குட்டைதானே.