லிஃப்ட் ஏறிய முனி

அலாரம் அலறியது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் இரண்டு லிஃப்டுகளும் ஒரே நொடியில் நின்றன. மூன்றாவது வாரமாக அதே வெள்ளி, அதே மாலை ஆறு மணி.

“முனி வந்திருச்சு லா,” என்றார் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜீவன், பஸ் வந்ததைச் சொல்வதுபோல.

கீழ்த்தளத்தில் நாற்பது பேர் கைகூப்பி நின்றார்கள். நடுவில் கிள்ளானிலிருந்து வந்த மின்னல் சாமி. முனி வந்தால் லிஃப்ட் நிற்கும். சாமி பூசணிக்காய் உடைத்தால் ஓடும். மெக்கானிக் வந்து பார்த்து, லிஃப்டில் கோளாறே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். கோளாறு இல்லையென்றால் முனிதானே? ஆசி அனுப்புவதற்காகச் சாமியையும் அவருடைய டிரைவர் ராதாகிருஷ்ணனையும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலேயே சேர்த்திருந்தார் ஜீவன்.

அன்று சாமி முனியின் முகவரியையும் கண்டுபிடித்துவிட்டார். பதினான்காம் மாடி, ஜெயராஜ் வீடு. சீனர்களுக்கு நாலு ஆகாது என்று அந்த மாடிக்கு 13A என்றுதான் பெயர். முனி ஏமாறவில்லை போலும்.

“அடுத்த வெள்ளிக்குள்ள அவங்க காலி பண்ணணும். நானே அங்க தங்கி முனியக் கட்டுறேன்,” என்றார் சாமி. வாடகையில்லாமல். எப்பேர்ப்பட்ட தியாகம்.

ஜெயராஜுக்கு வெள்ளி மாலைகளில் டயாலிசிஸ். மூன்று வாரமாக நாலு பேர் அவரை நாற்காலியோடு படியில் இறக்கினார்கள். “இவரக் கூட்டிக்கிட்டு எங்க போவேன் அண்ணே?” என்றாள் அவர் மனைவி மாதவி. ஜீவன் கைப்பேசியைப் பார்த்தார்.

ஒன்பதாம் மாடிக் குமுதா கிள்ளானில் ஓர் எண்ணெய் ஆலையில் பராமரிப்பு இஞ்சினியர். பூஜை நோட்டீஸைத் திருப்பி, மாதவிக்குக் கட்டங்கள் வரைந்து காட்டினாள்.

“பாருங்கக்கா. ரெண்டு லிஃப்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம். தனித்தனி மோட்டார், தனித்தனி கேபிள். ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓடும். ரெண்டும் சேர்ந்து சாகுதுன்னா, ரெண்டுக்கும் முன்னாடி இருக்கிற பொதுக் கட்டம் சாகுது. விளக்கெல்லாம் எரியுது, அப்ப மெயின் கரண்ட் போகல. மிச்சம் ஒண்ணுதான். பேஸ்மெண்ட்ல இருக்கிற லிஃப்ட் சுவிட்ச் பெட்டி.”

“முனிக்கு ஒரு கட்டம் போடலையாம்மா?” என்று சிரித்தார் ஜீவன்.

“அது எந்தக் கட்டத்துல கை வைக்குதுன்னுதான் தேடுறேன் அங்கிள்.”

அடுத்த வெள்ளி. மாதவி சாமான்களைக் கட்டி வைத்துவிட்டாள். ஐந்தரைக்குக் குமுதா காவலாளியோடு பேஸ்மெண்டுக்குப் போய் வந்தாள். பிறகு சாமி முன்னால் நின்றாள்.

“முனியக் கூப்பிடுங்க சாமி. லிஃப்ட் நின்னா, அவங்க சாமானை நானே சுமந்து இறக்குறேன்.”

ஆறு அடித்தது. கற்பூரம் எரிந்தது. உடுக்கை அதிர்ந்தது. லிஃப்டுகள் ஏறின, இறங்கின. ஆறு ஐந்து. ஆறு பத்து. ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் முனி மாட்டிக்கொண்டதோ என்னவோ. சாமியின் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்தது.

லிஃப்ட் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் ஜெயராஜ் இறங்கினார்.

“என்ன கூட்டம்?” என்றார். “வழி விடுங்க லா, டயாலிசிஸுக்கு லேட்டாச்சு.”

நாற்பது தலைகள் திரும்பின. தலை இருப்பது எலுமிச்சம்பழம் சுற்றிப்போட மட்டுமல்ல என்பது அவற்றில் சிலவற்றுக்கு அப்போதுதான் உறைக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து நாற்பது கைப்பேசிகளும் ஒன்றாகச் சிணுங்கின. குடியிருப்பின் குழுவில் ஒரு குரல் பதிவு. சாமியின் ஆசிதான் என்று நினைத்து, ஜீவன் பக்தியோடு சத்தத்தைக் கூட்டி அழுத்தினார். பேசியது டிரைவர் ராதாகிருஷ்ணன்.

“சாமி, கீழ பெட்டிக்கு யாரோ பூட்டு போட்டுட்டாங்க. மந்திரத்த இன்னும் கொஞ்சம் இழுங்க, கட்டர் எடுத்துட்டு வரேன்.”