மாமா சாவுக்குக் கட்டிப்போன கரை வேட்டி

என் அம்மா தன் அண்ணன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போனதற்கு என் மனைவியின் தம்பி பிரசாத்தான் காரணம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பெயரைப் போட்டே எழுதுகிறேன்.

பிரசாத் போர்ட் கொச்சியில் வெள்ளைக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுபவன். எங்கோ ஒரு மலைக்குப் போய்வந்ததும் உலகம் சுற்றியவன் ஆகிவிட்டான். கைப்பேசியை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு, பயணத்துக்கு என்ன துணி எடுக்கலாம் என்று வீடியோ போடுகிறான். ஒரு ஜீன்ஸ், ஒரு சாம்பல் நிறச் சட்டை, ஒரு வேட்டி. இவ்வளவு போதும், எந்த ஊருக்கும் போகலாம், எதற்கும் போகலாம் என்பான். அதிலும் வேட்டிதான் அவனுடைய பெரிய கண்டுபிடிப்பு. உடுத்தலாம், போர்த்தலாம், தலை துவட்டலாம், வெயிலுக்குத் திரையாகக் கட்டலாம். (இதெல்லாம் எங்கப்பா வீடியோ போடாமலே செஞ்சவர்.)

நான் அதை வாய்பிளந்து பார்த்தவன். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறேன். என் நீண்ட பயணம் பக்கத்து ஊரான ஆலுவா வரைக்கும்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல், ஆலுவாவில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு குடையும் ஒரு போர்வையும் கொண்டுபோனவன் நான்.

அப்படிப்பட்ட எனக்கு, மாமா இறந்துவிட்டார் என்று போன் வந்தது. தென்காசியைத் தாண்டி ஒரு ஊர். மறுநாள் மத்தியானம் எடுப்பதாகச் சொன்னார்கள். என் தங்கை கல்யாணத்தில் தாய்மாமனுக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதையை, பந்தல் குழப்பத்தில் வேறு யாருக்கோ செய்துவிட்டோம். அன்று பந்தலை விட்டு எழுந்து போனவர், பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா அழவில்லை. "கோடி வாங்குடா. நான் போடாம அவன எடுத்துரக் கூடாது" என்றாள். இறந்தவர் மேல் சொந்தக்காரர்கள் போர்த்தும் புதுத்துணிதான் கோடி. கூடப்பிறந்தவள் கொண்டுவரும் கோடியை அந்த வீட்டார் வாங்கிக்கொண்டால் பகை தீர்ந்தது என்று பொருள். வாங்காவிட்டால் அது எப்போதைக்கும் தீராது.

பெட்டியில் என் வெள்ளை முண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தேன்; எங்கள் ஊரில் வேட்டிக்கு முண்டு என்றுதான் பெயர். பிரசாத் வந்தான். எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டான். அக்கா புருஷனான என்னை அவன் அளியா என்றுதான் கூப்பிடுவான்.

"அளியா, மரணத்துக்குப் போறீங்களா, கல்ஃபுக்குப் போறீங்களா? அம்மா கையப் பிடிப்பீங்களா, பெட்டியச் சுமப்பீங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. கோயம்புத்தூரிலிருந்து அவன் மொத்தமாக வாங்கிவந்த கட்டிலிருந்து ஒரு வேட்டியை உருவிக் கொடுத்தான். அகலமான, கெட்டியான கரை. நிறத்தைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் பல ஊர்களில் எனக்கு இடமில்லாமல் போகும். எங்கள் ஊரில் முண்டின் கரை சட்டைக்குச் சேருகிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். சேர்ந்தது. எடுத்துக்கொண்டேன்.

ரயிலில் அந்த வேட்டியை ஜன்னலில் கட்டி அம்மாவுக்கு வெயிலை மறைத்தேன். தென்காசியிலிருந்து பஸ்ஸில் போகும்போது பக்கத்து இருக்கைக் குழந்தை என் ஜீன்ஸ் மேல் வாந்தி எடுத்தது. இறங்கிய இடத்தில் கட்டணக் கழிப்பறைக்குள் போய் ஜீன்ஸை உருவிவிட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு நிமிஷம் பிரசாத்தை மனதார வாழ்த்தினேன். (நாக்க அறுத்துக்கலாம்போல இருக்கு.)

தெருவில் நடக்கும்போது டீக்கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். கொச்சி மருமகனுக்கு ஊரில் இத்தனை மதிப்பா என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். கம்பங்களில் கட்சிக்கொடி பாதியில் பறந்தது. மாமா கட்சியில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் கட்சியை இடுப்பில் கட்டுவார்கள் என்பது தெரியாது. மாமா சாகும்வரை அந்த ஊரின் கிளைச் செயலாளர். நான் கட்டியிருந்தது அவர் வாழ்நாள் முழுக்கத் திட்டித் தீர்த்த கட்சியின் கரை. தேர்தல் முடிந்து மிஞ்சிய சரக்கைத்தான் பிரசாத் மொத்தமாக வாங்கியிருக்கிறான்.

மாமாவின் மகன், என் அத்தான், வாசலில் நின்றார். அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. அதை நான் பார்த்தேன். பிறகு அவர் பார்வை என் இடுப்புக்குக் கீழே இறங்கியது.

"என்ன அத்தை, இத்தன வருசம் கழிச்சு வந்தது இதுக்குத்தானா? எங்கப்பா பொணத்துக்கு முன்னால உங்க மவன் இந்தக் கரையக் கட்டிட்டு வந்து நிக்கணுமாக்கும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சட்டைக்குச் சேரும்னு உடுத்தது, அத்தான்" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். கரைதான் தப்பு என்று ஒருவர் காதில் சொன்னார். கரையை மறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று என் மூளை சொன்னது. சட்டென்று வேட்டியைத் தூக்கி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினேன். பெரியவர்களைக் கண்டால் மடிப்பை இறக்கிவிட வேண்டும் என்பது கொச்சியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சாவு வீட்டு வாசலில், தொடை தெரிய, சண்டைக்கு நிற்பவன்போல நின்றேன்.

அத்தான் கத்தவில்லை. "அத்தை, கூட்டிட்டு வந்தவன் கூடயே போயிருங்க" என்றார். நான் மட்டும் வெளியே போகிறேன், அம்மாவை விடுங்கள் என்று கெஞ்சினேன். கதவை மறித்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள். கோடியை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா வேலியோரம் நின்றாள்.  

கொஞ்ச நேரத்தில் வரிசையாகக் கார்கள் வந்தன. எதிர்க்கட்சிக்காரர்கள் மலர்வளையத்தோடு மரியாதை செலுத்த வந்திருந்தார்கள். மறித்து நின்ற ஆட்களே அவர்களுக்கு வழிவிட்டார்கள். முன்னால் வந்த கனத்த மனிதர் என் வேட்டியைப் பார்த்துத் தோளில் கைபோட்டார்.

"வாங்க தம்பி. எந்த ஒன்றியம்?"

"மட்டாஞ்சேரி" என்றேன்.

"சரி சரி, வாங்க."

யோசிக்க நேரமில்லை. அம்மா கையிலிருந்த கோடியை வாங்கினேன். "என்னையும் கூட்டிட்டுப் போடா" என்றாள். கையை நீட்டினேன். அதற்குள் கூட்டம் என்னை உள்ளே தள்ளிவிட்டது. உள்ளே கைப்பேசிகள் படமெடுத்துக்கொண்டிருந்தன. அத்தான் வரிசையாக எல்லோருக்கும் கைகூப்பினார். எனக்கும் கூப்பினார். பல்லைக் கடித்த சத்தம் கேட்டது. மலர்வளையத்துக்குப் பக்கத்தில் கோடியைப் போட்டேன். மாமா முகம் அப்படியே அம்மா முகம். அதே நெற்றி, அதே ஒட்டிய கன்னம். அவ்வளவுதான் பார்த்தேன். பின்னாலிருந்தவர்கள் நகரச் சொன்னார்கள்.

எடுத்துப்போகும்போது அம்மாவுக்குத் தெரிந்தது பூவும் கொடியும்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. நான் போட்டது அம்மாவின் கோடி இல்லையாம், எதிர்க்கட்சி போட்ட துணியாம். அத்தான் அப்படிச் சொன்னதாகக் கேள்வி. மாற்றுக் கட்சியினர் அஞ்சலி என்று ஒரு படம் மட்டும் போனில் சுற்றி மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தது. நடுவில் நான், சாம்பல் சட்டையில், திருடனைப்போல. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு 'மாவட்டம்' என்று பெயர். மாவட்டச் செயலாளரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மகள் குடிக்கச் சாயா கொண்டுவந்தால், "மாவட்டம், எடுத்துக்கோங்க" என்கிறாள். கிடங்கில் லாரி டிரைவர்கள்கூட வணக்கம் வைக்கிறார்கள். நானும் சிரித்துவிடுகிறேன். அம்மா சிரிப்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள், திடீரென்று கேட்பாள், "கண்ணு நல்லா மூடியிருந்துச்சா?" மூடியிருந்தது என்பேன். மறுநாளும் கேட்பாள்.

பிரசாத் இதையும் வீடியோவாகப் போட்டுவிட்டான். என்னைப்போல் குரல் மாற்றிப் பேசி, என்னைப்போல் வேட்டியை மடித்துக்கட்டிக் காட்டுகிறான். ஆயிரம் பேர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அதில் என் அம்மா இல்லை. வேலியோரம் ஒருத்தி நின்றாள் என்று ஒரு வார்த்தை இல்லை.

பிரசாத், என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு நான் கணக்குக் கேட்கவில்லை. ஒரே ஒரு வேட்டி எதற்கும் போதும் என்று சொன்னவன் நீ. அந்தக் கரை என்னவென்று விசாரிக்காமல் சாவு வீட்டுக்குக் கொடுத்தவன் நீ. அம்மாவிடம் என்ன சொல்லப்போகிறாய்? வீட்டுக்கு வந்து, அடுக்களையில் நின்று, அக்காவின் காதில் முனகாதே. அதே ஜன்னலில் கைப்பேசியைச் சாய்த்து வை. சிரித்த அத்தனை பேரும் கேட்கும்படி பதில் சொல்.