ஏலத்துக்குப் போன படை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு போரில் இரண்டு தரப்புக்காகவும் போரிட்டு, இரண்டு தரப்புக்காகவும் வீரமரணம் அடைந்தவர் உலகிலேயே ஒருவர்தான். பெயர் பச்சியப்பன். பாலக்கோட்டில் நலமாக இருக்கிறார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஆகவே பொய் சொல்லத் தெரியாது.

முதலில் ஊர் நம்பியது. மனைவி ராமக்காள் நம்பவில்லை. ஷூட்டிங் என்று சொல்லிவிட்டு எங்கோ புளியமரத்தடியில் சீட்டாடிவிட்டு வந்திருக்கிறார் என்று தெருமுழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். பச்சியப்பனுக்குத் தலை நிமிர்ந்து டீக்கடைக்குப் போக முடியவில்லை. டி.வி.யில் தொடர் ஒளிபரப்பாகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அது ராஜா காலத்து நகைச்சுவைத் தொடர். வரலாறு பிசகக் கூடாதென்று 'காலப்பிழை ஒழிப்புக் குழு' ஒன்றையே கையோடு கூட்டி வந்திருந்தார்கள். குழு மகா கண்டிப்பானது. வீரர்களின் கைக்கடிகாரங்களைக் கழற்றி, தொலைந்துவிடாமல் மன்னரின் கையிலேயே கட்டி வைத்தது. செல்போன்களை அம்பறாத்தூணிக்குள் போடச் சொன்னது. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரி தெரியாது என்று பச்சியப்பன் முறையிட்டதும், முகத்தையே மூடும் இரும்புத் தொப்பியை மாட்டிவிட்டது.

மற்ற வீரர்கள் மண்டிக்குத் தக்காளி கொண்டுவந்த விவசாயிகள். மன்னர் வாளை உருவினார். பின்னால் அறுபது பேர். அந்தக் கணத்தில் அறுபது அம்பறாத்தூணிகளும் ஒன்றாக ஒலித்தன. அடுத்த ஷாட்டில் மன்னருக்குப் பின்னால் பச்சியப்பனும் ஒரு குதிரையும் மட்டும்.

"என் படை எங்கய்யா?" என்றார் டைரக்டர்.

"தக்காளி ஏலத்துக்குப் போயிருக்குதுங்க. வெல படிஞ்சதும் வந்து சண்ட போடுவாங்க," என்றார் பச்சியப்பன்.

வரவில்லை. குழு அவசரமாகக் கூடி, 'ஆள் பற்றாக்குறை எல்லா நூற்றாண்டிலும் உண்டு' என்று தீர்மானம் போட்டது. பச்சியப்பன் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு கொன்றார். நீலப் பட்டை கட்டிக்கொண்டு செத்தார். பிறகு பட்டையை மாற்றி மறுபடியும் செத்தார். நல்ல வெயில்.

ஒளிபரப்பன்று பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் முதற்கொண்டு தெருவே வந்து உட்கார்ந்தது. காட்சிக்குக் காட்சி பச்சியப்பன் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"தொப்பிதான் தெரியுது. உள்ள யாரு வேணா இருக்கலாம்," என்றாள் ராமக்காள்.

கடைசிக் காட்சி. போர்க்களத்தில் அரசி வீரனின் பிணத்தின் மேல் விழுந்து விம்முகிறாள். நிசப்தம். அந்த நிசப்தத்தில், இரும்புத் தொப்பிக்குள்ளிருந்து மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம் நீளமாக எழும்பி, நடுவில் நின்று, விசிலாக இறங்கியது. இது அந்தக் காலத்திலும் இருந்திருக்கும், பிழையல்ல என்று குழு விட்டுவிட்டது போலும்.

ராமக்காள் எழுந்து நின்றாள்.

"நம்பறனுங்க. அது நீங்களேதான்," என்றாள். "ஆனா முப்பத்தெட்டு வருசமா, 'நானாவது கொறட்ட வுடறதாவது'ன்னு சாதிச்சீங்களே, அதுக்கு இப்ப என்னா சொல்றீங்க?"