சூடாகட்டும் அண்ணை

கொட்டியாரக் குடாக் கடல் வற்றினாலும் வற்றும், எங்கள் சூடாகட்டும் அண்ணை ஒரு சாமானைச் சூடாகாமல் பாவிக்க மாட்டார். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, பக்கத்தில் நின்று ஒரு தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் ஏறுவார். ரோச் லைற்றைக்கூட கொஞ்ச நேரம் எரியவிட்டுத்தான் இருட்டுக்குள் இறங்குவார். போனில் ஆராவது எடுத்தால் "ஹலோ" சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். "என்ன அண்ணை, லைன் இல்லையோ?" என்றால், "இருக்கு, இருக்கு. சூடாகட்டும்" என்பார்.

துறைமுகப் பக்கத்துக் கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஸ்பீக்கர் கட்டுவது அவர் தொழில். தொடங்கிய காலத்தில் அவரிடம் இருந்தது வால்வு அம்பிளிபயர். உள்ளே சின்ன பல்புகளைப் போலக் கண்ணாடி வால்வுகள் நிற்கும். அவை சிவந்து சூடானால்தான் சத்தம் வரும். பிறகு அந்தக் கரைச்சல் இல்லாத பெட்டிகள் வந்தன. பெட்டி மாறியது, அண்ணை மாறவில்லை. ஒரு கலியாணத்தில் ஐயர் "கெட்டிமேளம்" என்று கையை உயர்த்த, இவரும் மைக்கடியில் இருந்து கையை உயர்த்தி, "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, சூடாகட்டும்" என்றாராம். மாப்பிள்ளை தாலியோடு குனிந்தபடியே நின்றாராம். அண்ணையின் சொந்தக் கலியாணத்திலும், தேவாலயத்தில் சுவாமியார் "சம்மதமா?" என்று கேட்க, அவர் இதையேதான் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அதை அவருடைய மனைவியிடம் கேட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

எனக்குப் பொதுவாகவே துணிவில்லை. துறைமுகத்தடியில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். கிற்றார் வாசிப்பேன், ஆனால் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு. ஆராவது பார்த்தால் விரல்கள் மரத்துப்போகும். என் மனைவியே கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்டிருக்கிறாள்.

போன வருசம் கனடாவில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். எனக்கு விசா கிடைக்கவில்லை. அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அக்கா. போனில் அவள் அழவில்லை. "உனக்கு வர ஏலாட்டி உன்ர கிற்றாராவது வரட்டும். பொம்பிளை மாப்பிள்ளை ஹோலுக்குள்ள வரேக்க நீ வாசிச்சதைத்தான் போடுவன்" என்றாள். அதற்கென்று அவள் அனுப்பிய, ஆரோ பாவித்த ஒரு வால்வு அம்பிளிபயர், தனி ஸ்பீக்கர் பெட்டி, மைக் எல்லாம் கப்பலில் வந்து சேர்ந்தன. கலியாணத்துக்கு அப்போது இரண்டு நாள்தான் இருந்தது.

பிளக் பொருந்தவில்லை. கடையில் ஒரு அடாப்டர் வாங்கிவந்து குத்தப் போனேன். யன்னலுக்கு வெளியே இருந்து ஒரு சத்தம்:

"எடுங்கோ கையை!"

சூடாகட்டும் அண்ணை. வீதியால் போனவர், உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்.

"எந்த ஊர்ச் சாமான் தம்பி?"

"கனடா, அண்ணை."

"அங்கத்தைக் கரண்ட் நூற்றியிருபது வோல்ட், எங்கட கரண்ட் இருநூற்றிமுப்பது. குத்தியிருந்தா நல்லாச் சூடாகியிருக்கும். வீடும் சேர்ந்து."

ஒரு சாமான் சூடாகக் கூடாது என்று அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த நாளே, கரண்டைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் ஒன்றை ஆட்டுக்குட்டி தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். "முதல்ல ஸ்பீக்கர் வயர், பிறகுதான் கரண்ட். ஸ்பீக்கர் இல்லாம வேலை செய்ய விட்டா இது செத்துப்போம்" என்றார். ஸ்பீக்கரைச் சுவரில் இருந்து தள்ளி, ஒரு மீன் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஏற்றினார். எதிரொலி வராமல் இருக்க என் வீட்டுப் போர்வை முழுக்கச் சுவரில் தொங்கியது. மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்ட, நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஓரமாக வைத்தார். கிற்றார் வயரை அம்பிளிபயரிலும் மைக் வயரை என் கொம்பியூட்டரிலும் குத்தினார். காற்றாடியை நிற்பாட்டினார். "ம்ம்ம் எண்டு ஒரு இரைச்சல் கேக்குது" என்று குசினிக்குப் போய்ப் பிரிஜ்ஜின் பிளக்கையும் கழற்றினார்.

"அண்ணை, உள்ளுக்குப் பாரை மீன் கிடக்கு!" என்றாள் என் மனைவி.

"அது பழுதாகாது தங்கச்சி."

"ஊரில எல்லாம் சூடாகும், என்ர மீன் மட்டும் சூடாகாதோ?"

அண்ணை திரும்பி வந்து அம்பிளிபயரைப் போட்டார். உள்ளே வால்வுகள் மெல்லச் சிவந்தன. அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

"இது றெக்கோர்டிங் இல்லை, தம்பி. சும்மா வாசிச்சுக்கொண்டிருங்கோ. சூடாகட்டும்."

வாசித்தேன். அக்காவுக்குப் பிடித்த மெட்டுத்தான். ஒரு மனிதருக்கு முன்னால் அதை நான் முழுதாக வாசித்தது அன்றுதான் முதல் முறை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி வால்வுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "இனி உண்மையான றெக்கோர்டிங்" என்று என் பக்கம் திரும்பினார். அதோடு என் விரல்கள் செத்தன. முதல் முறை தப்பு. இரண்டாம் முறை துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. மூன்றாம் முறை நன்றாகத்தான் போனது. முடிகிற நேரம், பாண் விற்கிற ஓட்டோ ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டபடி வாசலில் வந்து நின்றது. நான்காம் முறைக்கு முன் என் மனைவி மீனோடு வந்தாள். அதை மணந்து பார்த்த பிறகு அண்ணையே அம்பிளிபயரின் பிளக்கைக் கழற்றிவிட்டார்.

விடிந்தால் கலியாணம், அனுப்ப ஒன்றும் இல்லை. கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அக்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணை கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவர், "தம்பி, இதில நாலு றெக்கோர்டிங் கிடக்கே" என்றார்.

"மூண்டுதானே வாசிச்சனான்?"

அவர் தலையைச் சொறிந்தார். "கொம்பியூட்டரும் கொஞ்சம் ஓடிச் சூடாகட்டும் எண்டு, நான் முதலே றெக்கோர்டிங்கைப் போட்டு விட்டனான்."

முதலாவதைப் போட்டுக் கேட்டோம். ஒரு பிசகு இல்லை. கடைசிச் சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்க, அதன் மேலேயே அவர் குரல்: "ம்... இப்பதான் சூடு. இனி வாசியுங்கோ தம்பி."

குரலை வெட்டினால் சுரமும் போய்விடும். அப்படியே அனுப்பினோம். பொம்பிளையும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்து சேர, மெட்டு முடிய, அந்தக் கனடா ஹோல் முழுக்க அண்ணையின் குரல் கேட்டதாம். சனம் விழுந்து விழுந்து சிரித்ததாம். அக்கா மட்டும் அழுதாளாம். "உனக்குப் பக்கத்தில ஆரோ இருந்திருக்கினம். அது போதும்" என்றாள்.

அண்ணையிடம் சொன்னேன். யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த ஹோல் ஸ்பீக்கரை முதலே சூடாக்கினவையோ?"

இப்போதும் வாசிக்க முன் அம்பிளிபயருக்கு முன்னால் ஒரு கதிரையை, எனக்கு முதுகு தெரிகிற மாதிரிப் போடுகிறேன். அநேகமான நாட்களில் அவர் வந்து அதில் இருப்பார். வராத நாட்களில் வால்வுகள் சூடாகிவிடும். என் விரல்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்.