சீனி குறைத்துப் போட்ட மீன் அமிலம்

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் மூன்று மணி நேரம் சாகடித்து வைத்திருந்தேன். கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. மிளகாய்ச் செடி வளர்த்தேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடிக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கணவர் குமரன் காலையில் வேலைக்குப் போய்விடுவார். எனக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. தனிமைக்கு மருந்தாக யாரோ ஒரு புண்ணியவதி என்னை வீட்டுத் தோட்ட வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். மூன்றே வாரத்தில் நான் விவசாயி ஆகிவிட்டேன் (பேச்சில்). வீட்டுக்கு வெளியே பொது நடைபாதையில் பதினான்கு தொட்டிகள்: மிளகாய், கத்தரி, சோற்றுக்கு வாசனை தரும் பண்டான், கற்பூரவல்லி, கருவேப்பிலை, இன்னும் என்னென்னவோ. பாசாரில் கீரைக்கட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். அதுவரை என் தோட்டம் தந்த மொத்த விளைச்சல் நான்கு மிளகாய்.

பக்கத்து வீட்டில் சேவியர் அங்கிள் தனியாக இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடம். ஒரே மகள் ரீட்டா அக்கா கிள்ளானில். காலை ஏழு மணிக்கு அவர் ரேடியோவைப் போட்டால் எங்கள் வீட்டுக்கும் சேர்த்தே பாடும். அவருக்கும் என் தொட்டிகளுக்கும் ஆகாது.

"தேவி, இது நடக்குற பாதை லா. நீ பட்டிக்காட்டுக் கம்பமா ஆக்கி வச்சிருக்க. ஒரு நாளைக்கு இதுல தடுக்கி விழுந்து நான் போய்ச் சேரப் போறேன்" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்டான் தொட்டியில் இடித்துக்கொண்ட கால் விரலைப் பிடித்தபடி.

"விழுந்தா ஒரு சத்தம் குடுங்க அங்கிள், வந்து தூக்கி விடுறேன்" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு வாரம் முன்புதான் மீன் அமிலம் போட்டிருந்தேன். மீன் கழிவு ஒரு கிலோ, நாட்டுச் சர்க்கரை ஒரு கிலோ, டப்பாவில் போட்டு மூடி இருபத்தொரு நாள் வைத்தால் தேன் நிறத்தில் ஒரு திரவம் வரும், பலாப்பழம் போல மணக்கும், செடிக்கு ஊற்றினால் மிளகாய் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் என்று குழுவில் போட்டிருந்தார்கள். மீன் கழிவு சரியாக ஒரு கிலோ போட்டேன். சர்க்கரையை அளக்கும்போதுதான் யோசனை வந்தது. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு மாமாக்கள், எல்லோருக்கும் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. கடையில் தே தாரே என்கிற பால் தேநீர் சொன்னால் கூடவே 'கூராங் மானிஸ்' என்று (சீனியைக் குறைக்கச் சொல்லி) சேர்த்துச் சொல்லித்தான் வளர்ந்தவள் நான். ஒரு சின்ன மிளகாய்ச் செடிக்கு ஒரு கிலோ சர்க்கரையா? மனசு கேட்கவில்லை. ஒரு கை அள்ளிப் போட்டு மூடினேன். எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் துணி காயப்போடும் யார்டுக்கும் அங்கிள் வீட்டு யார்டுக்கும் நடுவில், ஏர்கோன் பெட்டி வைக்கிற சிமெண்டுத் திட்டு ஒன்று உண்டு. டப்பாவை அதில் வைத்தேன். எங்கள் ஜன்னலை விட அவர் ஜன்னலுக்குத்தான் அது பக்கம். புறாத் தொல்லை என்பதால் எங்கள் யார்டுக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்தேன். வாடை அடித்தது. சாதாரண வாடை இல்லை, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிற வாடை. மோந்துகொண்டே போனேன். அங்கிள் வீட்டு வாசலில்தான் அதிகமாக இருந்தது. கிரில்லில் மூன்று நாள் பேப்பர் செருகியபடி இருந்தது. அப்போதுதான் உறைத்தது, செவ்வாய்க்கிழமையிலிருந்து ரேடியோ சத்தமே இல்லை.

மூன்று நாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "அப்பாடா, இன்னைக்கு அமைதியா இருக்கு" என்று நான் சந்தோஷமாக வேலை பார்த்த மூன்று நாள்.

"அங்கிள்!" என்று கூப்பிட்டேன். கிரில்லைத் தட்டினேன். கடைசியில் அவருடைய கைப்பேசிக்கு அழைத்தேன். உள்ளே மணி அடித்தது. மாதா கோயில் மணி மாதிரி ஒரு ஓசை, நிதானமாக, கதவுக்கு அந்தப் பக்கம். யாரும் எடுக்கவில்லை. அங்கேயே பண்டான் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் எந்தத் தொட்டி என்று பார்த்தேன். இதில் தடுக்கித்தான் விழுந்திருக்கிறார், உள்ளே போய்ப் படுத்திருக்கிறார், எழுந்திருக்கவே இல்லை. நான்தான் கொன்றேன். அந்த நிமிடத்தில் அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

குமரனுக்கு அழைத்தேன். "அழாம சொல்லு. கீழ இருக்கிற கார்டைக் கூப்பிடு, போலீஸைக் கூப்பிடு. நான் மீட்டிங்ல இருக்கேன், முடிச்சிட்டு வரேன்" என்றார். காவலாளி மேலே வந்து ஒரு முறை மூச்சை இழுத்தார், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவர் நேப்பாளத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். "அங்கிள் மாத்தி" என்றார். செத்துவிட்டார் என்பதை மலாயில் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

நிர்வாக அலுவலகத்தில் ரீட்டா அக்காவின் எண்ணைக் கொடுத்து, "நீங்க பேசுங்க ஆன்டி" என்றார்கள். (முப்பத்தொரு வயதில் ஆன்டி. துக்கத்தில் அதைக்கூடக் கண்டிக்கவில்லை.)

"ரீட்டா அக்கா, அப்பா கதவு திறக்க மாட்டேங்கறார்."

"தூங்குவார் லா. நல்லா தட்டிப் பாரு."

"மூணு நாளா பேப்பர் எடுக்கல. அப்புறம்... வாடை வருது அக்கா."

 மறுமுனையில் ஒரு அழுகை கேட்டது. நான் இதுவரை யாரையும் அப்படி அழ வைத்ததில்லை. இனிமேலும் வைக்கக் கூடாது. கிள்ளானிலிருந்து இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். இளைஞர், மலாய்க்காரர். மூக்கைப் பொத்திக்கொண்டு இது நாள்பட்ட வாடை என்றார். போம்பாவை வரச் சொன்னார் (தீயணைப்புப் படையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). எட்டாவது மாடியிலிருந்தும் பத்தாவது மாடியிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு அம்மா ஜெபமாலையை எடுத்தார். இன்னொருவர் என் கத்தரிச் செடியைத் தடவிப் பார்த்து, "பூச்சி பிடிச்சிருக்கு" என்றார்.

எனக்குக் குமட்டியது. வீட்டுக்குள் ஓடினேன். வாந்தி வருகிற அவசரத்தில் குளியலறைக்குப் போகாமல் யார்டுக் கதவைத் திறந்துவிட்டேன்.

நடைபாதையில் அடித்தது வெறும் முன்னுரை என்று அப்போது தெரிந்தது. திட்டில் என் டப்பா இருந்தது. மூடியைக் காணவில்லை. உள்ளே பொங்கி, வெடித்து, வழிந்து, அதன் மேல் ஈ மொய்த்து... இதற்கு மேல் எழுதமாட்டேன், சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர்கள் இருப்பீர்கள். அங்கிள் வீட்டு யார்டு ஜன்னல் அகலமாகத் திறந்திருந்தது. என் வாடை அந்த ஜன்னல் வழியாகப் போய், அவர் வீடு முழுக்க நடந்து, முன்வாசல் வழியாக வந்து என்னிடமே புகார் சொல்லியிருக்கிறது.

முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. அது பத்து விநாடிதான் நின்றது. வாடை என்னுடையது, சரி. ரேடியோ? பேப்பர்? உள்ளே அடித்த கைப்பேசி? இப்போது வெளியே போய், "மன்னிக்கணும், அது மீன்" என்று சொன்னால் எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். உள்ளே அவர் பக்கவாதம் வந்து, பேச முடியாமல், நாங்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு தரையில் கிடந்தால்? அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன். அத்தனை பேர் முன்னால் அவமானப்பட வேண்டுமே என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது பெரிய பயம் என்று இன்றைக்கும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஆனால் ரீட்டா அக்கா அழுதுகொண்டே கார் ஓட்டி வருகிறார். அவருக்காவது சொல்ல வேண்டும் என்று அழைத்தேன். "அக்கா, அந்த வாடை... அது அப்பாவா இல்லாம இருக்கலாம்."

"அப்ப உள்ள வேற யாரு தேவி?" என்று அலறினார்.

நான் பயந்துபோய் வைத்துவிட்டேன்.

போம்பா வீரர்கள் கிரில்லை அறுத்தார்கள். தீப்பொறி பறந்தது. அந்தச் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், அங்கிளின் மாதாவையும் கூப்பிட்டேன், உயிரோடு மட்டும் இருக்கட்டும், பதினான்கு தொட்டியையும் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறேன் என்று இரண்டு பேரிடமும் வேண்டிக்கொண்டேன். போலீஸ்காரர் உள்ளே போனார். கட்டில் அறையில் இல்லை, குளியலறையில் இல்லை, எங்கேயும் இல்லை. சாப்பாட்டு மேசையில் சார்ஜரில் செருகியபடி கைப்பேசி மட்டும் இருந்தது.

ஆள் இல்லை என்றால் வாடை எங்கிருந்து வருகிறது? போலீஸ்காரர் கெட்டிக்காரர். மூக்கை முன்னால் விட்டு யார்டு வரை போனார், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், கையுறை போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தை உரித்து எடுத்து வந்தார். டப்பாவில் நான் ஒட்டியிருந்த சீட்டு.

"தமிழ். யாருக்குப் படிக்கத் தெரியும்?" என்று மலாயில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலையிலிருந்து முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தியவள் நான்தானே.

வாங்கிப் படித்தேன். "மீன் அமிலம். இருபத்தொரு நாள். திறக்காதீர்கள். இப்படிக்கு, தேவி."

அவருக்கு மலாயில் மொழிபெயர்த்தும் சொன்னேன். 'தேவி' யார் என்று கேட்டார். கையைத் தூக்கினேன்.

அந்த நேரத்தில் லிஃப்ட் திறந்தது. சேவியர் அங்கிள் வெளியே வந்தார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் ஈரச் சாக்கு சுற்றிய ஒரு முருங்கைக் கிளை. அறுந்த கிரில்லைப் பார்த்தார், போம்பாவைப் பார்த்தார், ஜெபமாலையைப் பார்த்தார்.

"யாரு லா செத்தா?"

"அங்கிள்" என்றார் காவலாளி.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. பிடித்தபடியே அழுதேன். கேரி தீவில் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார். கைப்பேசியை மறந்துவிட்டார். தம்பியிடமும் மகள் எண் இல்லை. அவ்வளவுதான் கதை. ரீட்டா அக்கா வந்து சேர்ந்து, அப்பாவைக் கைப்பையால் நான்கு அடி அடித்து, பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்து என் பக்கம் திரும்பினார். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

"சீனி எவ்வளவு போட்ட?" என்று அங்கிள்தான் கேட்டார். தம்பி வீட்டிலும் மீன் அமிலம் போடுவார்களாம்.

"ஒரு கை."

"ஒரு கிலோ லா! மீன் என்ன தே தாரேயா குடிக்குது?" என்று சொல்லிவிட்டு முருங்கைக் கிளையை என்னிடம் நீட்டினார். "இது உனக்குத்தான். அன்னைக்கு உன் செடியை ரொம்பத் திட்டிட்டேன்."

கிரில்லை நாங்கள் மாற்றிக்கொடுத்தோம். தொட்டிகளைக் கீழே காவலாளி அறைக்குப் பின்னால் இறக்கிவைத்தேன் (கொட்டவில்லை, தெய்வங்கள் இருவரும் பொறுத்துக்கொண்டார்கள்). இன்றும் எந்தக் கடையில் நான் சீனி குறைக்கச் சொன்னாலும் குமரன் உடனே, "அங்கிள் நல்லா இருக்காரான்னு பாரு" என்பார். மொத்தக் குடும்பமும் சிரிக்கும்.

ரீட்டா அக்காவின் கட்டளைப்படி, அன்றிலிருந்து அங்கிள் தினமும் காலை ஏழரைக்கு எங்கள் கிரில்லில் மூன்று தட்டுத் தட்டி, "இன்னைக்கும் சாகல லா" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தத் தட்டு கேட்காமல் எனக்குக் காப்பி இறங்காது. போன வாரம் ஒரு நாள் ஏழரை ஆயிற்று, சத்தமில்லை. ஏழு முப்பத்தேழு ஆயிற்று.  செருப்புப் போடாமல் ஓடி அவர் கிரில்லை உலுக்கினேன். கதவு உடனே திறந்தது. அங்கிள் முழுக்கைச் சட்டை போட்டு, தலை சீவி, கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். கையில் கடிகாரம்.

"எட்டு நிமிஷம்" என்றார். "மொத தடவை மூணு நாள் எடுத்த. பரவால்ல லா, இப்ப நான் நிம்மதியா சாகலாம்."