நான் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

“கண்ணை எடு எல்பர்ட். அந்தக் குழலுக்குள்ளேயே குடித்தனம் போகப் போறியா?” என்றாள் என் மனைவி நடீன்.

நான் எடுக்கவில்லை. டாக்கெட்டின் அடகுக் கடையில், போல்ட் என்கிற பின்தாழைக் கழற்றிவிட்டு, துப்பாக்கிக் குழலின் பின்பக்கம் கண்ணை வைத்து ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வாங்கத் தெரிஞ்சவன் உள்ளே பாப்பான். தெரியாதவங்க வெளியே பாப்பாங்க,” என்றேன்.

டாக்கெட் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் வருஷா வருஷம், இலை உதிரும் நாட்களில், அட்டை சுடும் போட்டி நடக்கும். ஆளுக்கு ஓர் அட்டை. அதில் ஒரு பெருக்கல் குறி. பாயிண்ட் டூ டூ என்கிற சின்னத் தோட்டாத் துப்பாக்கியில் ஒரே ஒரு தோட்டா. குறிக்கு மிக அருகே ஓட்டை போட்டவருக்கு, உப்பிட்டுப் புகைபோட்ட முழுப் பன்றித்தொடை. அதைத் தவறாமல் தூக்கிக்கொண்டு போகிறவன் நடீனின் அண்ணன் பர்ல்.

போனால் போகட்டும். கிறிஸ்துமஸ் அன்று அதை என் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். என் மேஜையில் வைத்து, என் கத்தியால் வெட்டி, என் தட்டில் காகிதம்போல் ஒரு துண்டு போடுகிறான். “சாப்பிடு மாப்ளே, வெக்கப்படாதே,” என்கிறான். இத்தனை வருஷம் வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டேன். கென்டக்கி மலைகளில் ஓர் ஆண் தாங்கக்கூடிய அவமானம் அவ்வளவுதான். இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கத்தி என் கையில் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

அதற்குக் குறி தப்பாத துப்பாக்கி வேண்டும். பணமோ, வாசல் கூரைக்குத் தகரம் வாங்க வைத்திருந்தது மட்டும்.

“எடுத்துக்கோ. அதுக்கு மேல ஒரு காசு கேக்காதே,” என்றாள் நடீன். சண்டைக்குத் தயாராக வந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

“தேர்ந்தெடுக்கிறது நான். நீ வாயைத் திறக்கக் கூடாது.”

“கூட வரலாமில்ல?”

“வரலாம்.”

எங்கள் தகரப் பணத்துக்கு அடங்கிய துப்பாக்கிகள் கடையில் இரண்டே. ஒன்று பளபளவென்று இருந்தது. அக்ரூட் மரக் கட்டையில் மான் செதுக்கியிருந்தார்கள். மேலே அடுப்புப் புகைக்குழாய் பருமனுக்கு ஒரு தொலைநோக்கி. இன்னொன்று கிழடு. கட்டையில் யாரோ பெயிண்ட் சிந்தியிருந்தார்கள். குழல் மட்டும் கட்டைவிரலைவிடத் தடிமன்.

“இது எவ்வளவு அழகா இருக்கு! இந்த மானைப் பாரேன்,” என்று நடீன் பளபளப்பைத் தடவினாள்.

திருமண வாழ்க்கையில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த விதி ஒன்று உண்டு. கடையில் நடீன் எதைத் தடவுகிறாளோ அதை வாங்கக் கூடாது. கிழட்டை எடுத்தேன். குழலுக்குள் தோட்டாவைச் சுழற்றிவிடும் வரிகள் புத்தம்புதிதாக இருந்தன. விசையோ, விரல் நினைத்ததுமே விழுந்தது. தோளில் வைத்தேன். கட்டைவிரல் மூக்கில் இடித்தது.

“உனக்குக் குட்டை எல்பர்ட்,” என்றாள் நடீன். “அடிக்கட்டையை யாரோ அறுத்திருக்காங்க. உன் கை நீளத்துக்கு இது ஆகாது. வேணாம்.”

“அவ சொல்றது சரிதான்,” என்றார் டாக்கெட். “பொண்ணுங்க காலேஜ் சுடும் அணியில இருந்த துப்பாக்கி. அதுங்க உயரத்துக்கு அறுத்தது.”

“குட்டையா இருந்தாத்தான் உடம்போட ஒட்டும். ஒட்டினாத்தான் ஆடாது,” என்றேன். அந்த இடத்திலேயே உண்டாக்கிய தத்துவம்.

“மானோட இருக்கிறதை வாங்கிக்கயேன்…”

“வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேனே.”

நடீன் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சை நான் பதக்கம்போல் குத்திக்கொண்டேன். நான் பணம் கொடுக்கும்போது அவள் கிழட்டைத் தூக்கி, அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, விரலை விசைப் பக்கம் நீட்டிப் பார்த்தாள். குழந்தையைத் தூக்குவதுபோல் இருந்தது. பாவம், தேற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கொட்டகைக்குப் பின்னால் சுட்டுப் பார்த்தேன். அட்டை அம்மை போட்டதுபோல் ஆனது. என் மூக்கும்.

“தோட்டா சரியில்லை,” என்றேன்.

“ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தோட்டாதான் பிடிக்குமாமே. நீ லாரிக்குப் போற நேரத்துல வேணா, எது பிடிக்குதுன்னு நான் சுட்டுப் பாக்கட்டுமா? உன் வேலை மிச்சம்.”

பெருந்தன்மையோடு அனுமதித்தேன். நாள் முழுக்க நிலக்கரி லாரி ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு அந்தச் சில்லறை வேலையெல்லாம் முடியுமா? அந்த மாதம் முழுக்க அவளே பார்த்தாள். கடைசியில், கடையில் இருப்பதிலேயே மலிவான தோட்டாவைத் துப்பாக்கி ஒப்புக்கொண்டது என்றாள். ஓர் அட்டையையும் நீட்டினாள். ஐந்து குண்டும் ஒரே ஓட்டை. என் சுண்டுவிரல் நுழையவில்லை.

“பாத்தியா, எப்பேர்ப்பட்ட துப்பாக்கி!” என்றேன்.

“உன் கண்ணே கண்ணு,” என்றாள்.

அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினேன். சுட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

போட்டியன்று பர்ல் முதலில் சுட்டான். குறியிலிருந்து ஒரு பட்டாணி தள்ளி ஓட்டை. கூட்டம் கைதட்டியது.

“வா மாப்ளே, உன் மூக்குக்கு என்ன ஆச்சு?”

துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். குனிந்தேன். மூச்சைப் பிடித்தேன். கட்டைவிரல் மூக்கைத் தேடி வருவது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தொட்டேன். அட்டையின் மூலை காணாமல் போனது.

“இன்னும் யாராவது?” என்றார் நடுவர்.

“நான்,” என்றாள் நடீன். கையில் ஓர் அட்டை. எப்போது வாங்கினாள் என்று தெரியாது.

பர்ல் விழுந்து விழுந்து சிரித்தான். “ஏ நடீன், நம்மப்பாவே உனக்குத் துப்பாக்கி கொடுத்ததில்லையே!”

“ஆமா. உனக்குத் துப்பாக்கி, எனக்குச் சோளரொட்டிச் சட்டி. சும்மா இரு கொஞ்சம்.”

கிழடு அவள் தோளில் போய் உட்கார்ந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டைகூட அப்படி உட்காராது. சத்தம் ஒன்றே. நடுவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். பெருக்கல் குறியின் நடுப்புள்ளி இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

பர்ல்தான் முதலில் கேட்டான்: “இது யாரு துப்பாக்கி?”

“என்னுது,” என்றாள் நடீன். “எல்பர்ட்தான் என் அளவுக்குன்னு கடை கடையாத் தேடி வாங்கினான். வாசல் கூரைத் தகரத்தைக்கூட வேணாம்னுட்டான்.”

கூட்டம் என் பக்கம் திரும்பியது. தனக்குப் பொருந்தாத துப்பாக்கியை வாங்கிய முட்டாளா, மனைவிக்காகத் தகரத்தைத் துறந்த கணவனா? யோசிக்க எனக்குக் கொடுத்த அவகாசம் அவ்வளவுதான்.

“அளவு சரியா இருக்கணுமில்ல,” என்றேன்.

கூட்டத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தங்கள் கணவன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்கெட் என் முதுகில் தட்டினார். பர்ல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை பேரும் வேண்டாமென்ற துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தவன் நான்தானே.

“வீட்டுக்குப் போலாமா?” என்றாள் நடீன், துப்பாக்கியை உறையில் போட்டபடி.

வண்டிச் சாவியை அவளிடம் நீட்டிவிட்டு, நான் மறுபக்கம் ஏறி, பன்றித்தொடையை மடியில் வைத்துக்கொண்டேன்.